மூன்று மில்லி சாராயம்

தசமூலாரிஷ்டம் பாட்டிலின் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: செல்ஃப் ஜெனரேட்டட் ஆல்கஹால், இத்தனை சதவீதம். பெரும்பாலும் 5-லிருந்து 10-க்குள். மைசூரு விஜயநகரில் எங்கள் வீட்டருகே இருக்கும் மருந்துக் கடைக்காரர், அந்த வரியைப் படிக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று கேலி செய்வார். படித்துத்தான் ஆகவேண்டும். சாராயம் எந்த உருவில் உள்ளே போனாலும் எனக்கு முகம் எரியும், நெஞ்சு படபடக்கும். பிரசவமான புதிதில் அம்மா ஊரிலிருந்து அரிஷ்டம் கொண்டுவந்தாள். இரண்டு வேளையோடு நிறுத்த வேண்டியதாயிற்று. "மருந்து எப்படிடி ஒத்துக்காமப் போகும்?" என்பது அவள் கேள்வி.

பதில் பானைக்குள் இருக்கிறது. கஷாயம் காய்ச்சினால் அன்றன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டும், வைத்தால் கெட்டுவிடும். கெட்டுப்போவதையே வைத்தியர்கள் வேலைக்கு அமர்த்திக்கொண்டார்கள். வில்வம், பாதிரி, கண்டங்கத்தரி, நெருஞ்சில் என்று பத்து வேர்களைக் காய்ச்சிச் சுண்டவைத்து, ஆறிய கஷாயத்தில் வெல்லம், தேன், தாதகிப்பூ சேர்ப்பார்கள். சார்ங்கதர சம்ஹிதை பொதுக்கணக்கு ஒன்று சொல்கிறது: பழைய அளவுகளில், ஒரு துரோணம் கஷாயத்துக்கு வெல்லம் 100 பலம், தேன் அதில் பாதி, மருந்துப்பொடி பத்தில் ஒரு பங்கு. நெய் பூசிய பானையில் ஊற்றி, சீலைமண் பூசி மூடி, நெற்குவியலிலோ மண்ணிலோ ஏறக்குறைய ஒரு மாதம் புதைத்து வைப்பார்கள். பானையில் காதை வைத்தால் உள்ளே கொப்புளிக்கும் சத்தம் கேட்கும். திறந்து, எரியும் தீக்குச்சியை வாயருகே பிடித்தால் சட்டென்று அணையும். நொதிக்கும்போது வெளியேறும் கரியமில வாயு செய்யும் வேலை அது. சத்தம் அடங்கி, குச்சியும் அணையாமல் எரிந்தால் மருந்து தயார். இதில் யாரும் சாராயம் ஊற்றவில்லை. வெல்லமும் தேனும்தான் சாராயமாகின்றன. அதுவே மருந்தை வருஷக்கணக்கில் கெடாமல் காக்கிறது.

எங்கள் மைசூருப் பக்கத்தில் ஆயுர்வேதத்துக்கு நல்ல வேர் உண்டு. சயாஜி ராவ் சாலையில் இருக்கும் அரசு ஆயுர்வேதக் கல்லூரி நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1908-ல் தொடங்கியது. பற்பொடிக்குப் பேர்போன நஞ்சன்கூடு சத்வைத்தியசாலை 1913-ல் வந்தது. அரண்மனை ஊரில் அரிஷ்டம் மருந்தாகவே இருந்தது. அதைக் குடியென்று பார்த்துச் சந்தேகப்பட்டது மதுவிலக்கு.

ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்தார். 1948 அக்டோபர் 2-க்குள் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வருஷம் பம்பாய் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சாராயம் கலந்த மருந்தையும் வாசனைத் தண்ணீரையும் சேர்த்தே தடுத்தது. பால்சரா என்ற பார்சிக்காரர் விஸ்கி, பியரோடு மருந்து ஒயினும் ஓடிகொலோனும் வைத்துக்கொள்ள உரிமை கேட்டு வழக்குப் போட்டார். 1951-ல் உச்ச நீதிமன்றம் மதுவிலக்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் மருந்துக்கும் வாசனைப்பொருளுக்கும் போட்ட தடை செல்லாது என்றது. 1955-ல் அவற்றுக்கு வரி விதிக்கத் தனிச் சட்டமே வந்தது. மருந்து விதிகளில் மிருதசஞ்சீவனி சுரா என்ற ஆயுர்வேத மருந்துக்கு 16 சதவீதம் உச்சவரம்பு, பாட்டில் 30 மில்லிக்கு மேல் கூடாது. மகாதிராட்சாசவத்துக்கும் அதே சதவீதம்தான், பாட்டில் மட்டும் 120 மில்லி.

பாட்டிலை ஏன் சிறிதாக்க வேண்டும்? வாங்கிப் போய்க் குடித்துவிடுவார்களே என்ற பயம்தான். சர்க்கார் கவலைப்பட்டதெல்லாம் குடிக்க ஆசைப்படுகிறவனைப் பற்றி. குடிக்கவே முடியாதவளைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. லேபிளில் போடும் அந்தச் சதவீதம் எனக்குப் பயன்படுவது தற்செயல்.

10 சதவீத அரிஷ்டம் 30 மில்லி குடித்தால் அதில் 3 மில்லி சாராயம். 60 சதவீதச் சாராயத்தில் எடுத்த டிங்சர் 20 சொட்டு அதிகம் போனால் 1 மில்லி, அதில் 0.6 மில்லிதான். காட்டமான வாசனையைக் கண்டு டிங்சருக்குப் பயப்படுகிறவர்கள், இனிக்கிற அரிஷ்டத்தை மடமடவென்று குடிக்கிறார்கள். வெந்நீரில் சொட்டினால் சாராயம் பறந்துவிடும் என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். கொஞ்சம் போகும், மிச்சம் தங்கும். எனக்கு இது தொந்தரவு மட்டுமே. குடியை நிறுத்த டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்து. 1940-களின் பிற்பகுதியில் கோபன்ஹேகனில் வயிற்றுப்பூச்சி மருந்தாக அதைச் சோதித்தவர்கள், தாங்களே விழுங்கிவிட்டு மது அருந்தித் திணறியபோதுதான் அந்தக் குணம் தெரியவந்தது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் அரிஷ்டம்கூட ஆகாது.

ஹோமியோபதியில் வழி எளிது. 1880-ல் மங்களூர் கங்கநாடியில் ஃபாதர் முல்லர் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிய அந்த மருத்துவத்தில் சர்க்கரை உருண்டை உண்டு. மேலே தெளித்த சாராயம் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஆயுர்வேதத்தில் கொஞ்சம் வாய் திறந்து கேட்க வேண்டும். போன மழைக்காலத்தில் இடுப்பு வலிக்குப் போனபோது உட்கார்ந்ததுமே சொன்னேன், அரிஷ்டம், ஆசவம் எதுவும் ஆகாது என்று. வைத்தியர் எழுதியதை அடித்துவிட்டுத் தசமூலக் கஷாயம் என்று மாற்றினார்.

"கசக்கும்மா, பரவாயில்லையா?"

"கசக்கட்டும் டாக்டர்."