பதினேழாவது பிரிவு

அறிவொளிச் சிந்தனை பாரீசில் பிறந்து, கப்பலேறிப் போய்க் காலனிகளுக்கு விடுதலை தந்தது என்பதுதான் நாம் படித்த வரலாறு. ஹெய்ட்டியை முன்வைத்து இந்த வாசிப்பை நான் மறுக்கிறேன்.

1789இன் மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்வோம். மனிதர் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறப்பதாகச் சொல்கிறது முதல் பிரிவு. கடைசியான பதினேழாவது பிரிவு சொத்துரிமையைப் புனிதமாக்குகிறது. சரி, மனுஷனே சொத்தாக இருந்தால்? பிரெஞ்சுக் காலனியான சான் தொமிங்கின் கரும்பு, காபித் தோட்டங்களில் ஏறக்குறைய 5 லட்சம் கறுப்பின அடிமைகள். அவர்களைப் பற்றிப் பிரகடனம் மூச்சுவிடவில்லை.

1791 ஆகஸ்டில் அவர்களே தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். அடிமைமுறை ஒழிப்பு 1793இல் அந்தக் காலனியில் அறிவிக்கப்பட்டது, பாரீசில் 1794இல்தான். தத்துவம் கலகத்துக்குப் பின்னால் ஓடிவந்தது, அவ்வளவுதான். 1802இல் நெப்போலியன் அடிமைமுறைக்கு மறுபடி சட்ட ஏற்பு தந்தான். சான் தொமிங்குக்குப் படையும் அனுப்பினான். கலகத்தின் தலைவர் தூசான் லூவெர்த்யூர் 1803இல் பிரெஞ்சுச் சிறையில் செத்தார். அந்தப் படையைத் தோற்கடித்துத்தான் 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி சுதந்திர நாடானது.

கதை அங்கே முடியவில்லை. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்திவைத்து 15 கோடி ஃபிராங்க் கேட்டது. பழைய முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாம்! விடுதலையானவர்கள் தங்கள் உடம்புக்கே விலை கட்ட வேண்டியதாயிற்று. முதல் பிரிவுக்கு உயிர் கொடுத்தவர்கள் தலையில் பதினேழாவது பிரிவு கடனாக இறங்கியது. உரிமை பேசும் எந்தப் பிரதியிலும், சொத்து எந்த வரியில் காவல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.