கல்யாணப் பாட்டுக்குக் கப்பம்

என் சித்தப்பா விருதுநகரில் மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவர். எந்தச் சரக்குக்கும் விலை உண்டு என்பது அவருடைய வேதாந்தம். ஆனால் மகள் கல்யாணத்தன்று ஒரு சரக்குக்கு விலை சொன்னபோது அவருக்கே கோபம் வந்துவிட்டது.

முகூர்த்தம் ஊரிலேயே, உறவின்முறை மண்டபத்தில் குறைவில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்படி மாலை வரவேற்பை மட்டும் வெளியூரில் ஒரு பெரிய ஓட்டலில் வைத்திருந்தார்கள். அங்கே மானேஜர் மிகவும் பவ்வியமாக வந்து, "பாட்டுப் போட லைசென்ஸ் வாங்கியாகிவிட்டதா, சார்?" என்று கேட்டார்.

"ஏங்க, ஸ்பீக்கருக்கு வாடகை கொடுத்தாச்சு. போடுற பையனுக்குக் கூலி கொடுத்தாச்சு. பாட்டுக்குமா கப்பம் கட்டணும்?" என்றார் சித்தப்பா.

கடைசியில் கட்டினார். பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கு யாரிடம் வாதாட முடியும்? அந்தப் பணத்தைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது ஊர் திரும்பி, சட்டப் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் சீமையில் கல்யாண ஊர்வலத்துக்கு விலை கேட்டது இது முதல் தடவை அல்ல. முன்பு கேட்ட விலை பணமுமல்ல. கோவில்பட்டிக்கு அருகே இருக்கிறது கழுகுமலை. அங்கே தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா, கூடாதா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல வருஷம் நீடித்த பெரும் வழக்கு. ஊர்வலம் என்றால் மேளமில்லாமலா? மேளம் எந்த வீதி வரைக்கும் ஒலிக்கலாம் என்பதே அங்கே ஒரு சாதியின் மானப் பிரச்சினையாயிற்று. 1895 ஏப்ரலில், தேர்த் திருவிழாவின்போது, அது கலகமாக வெடித்தது. உயிர்கள் போயின. நான்கு வருஷம் கழித்து 1899-இல் சிவகாசிக் கலகம்; அதன் வேர் கோயில் நுழைவு உரிமை. இன்று சிவகாசியில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சரவெடி கொளுத்தி, செண்டை மேளம் முழங்க, போக்குவரத்தை அரை மணி நேரம் நிறுத்திவைத்து ஊர்வலம் போகிறவர்களுக்கு இந்தப் பழங்கதை ஞாபகம் இருக்கிறதோ, என்னவோ!

சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்குக் கழுகுமலைதான் நினைவுக்கு வந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 1994-இல் அதைத் திருத்தியபோது 52-ஆம் பிரிவில் ஒரு விலக்குச் சேர்த்தார்கள். உண்மையான மதச் சடங்கிலோ, அரசு விழாவிலோ பாட்டை இசைத்தாலும், பதிவு செய்த பாட்டை ஒலிபரப்பினாலும் பதிப்புரிமையை மீறியதாகாது. அதோடு நிற்கவில்லை. மதச் சடங்கு என்றால் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்றச் சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்கள். டில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர் எவரோ, நம் ஊர்க் கல்யாணத்தை ஒரு தடவையாவது பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தை மட்டும் சொல்லி விட்டுவிடாமல், ஊர்வலத்தையும் கூடச் சேர்த்தாரே!

அதே 1994 திருத்தத்துக்கு இன்னொரு கையும் உண்டு. பாடுகிறவருக்கும் வாத்தியம் வாசிக்கிறவருக்கும் தம் நிகழ்ச்சியின்மேல் ஓர் உரிமை உண்டு என்று இந்தியச் சட்டம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். அதற்கு முன் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் சினிமாப் பாட்டு வழக்கு ஒன்று வந்தது. படமுதலாளி கூலி கொடுத்து எழுதி வாங்கிய பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் சொந்தக்காரர் என்று தீர்ப்பாயிற்று. கூட இருந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்கு உரிமை இல்லாதது நம் சங்கீத மரபுக்கே பொருந்தாத நிலை என்று குறைப்பட்டு எழுதினார்.

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம். கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாதஸ்வரம் போட்டி போட்டுக்கொண்டு வரும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் கல்யாண வீடு என்றால் வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். மைக் செட்காரர் பெட்டியைத் திறந்ததும் முதலில் வருவது பிள்ளையார் பாட்டு, பிறகு அநேகமாக அந்த ஆபேரிதான். காருகுறிச்சியார் 1964-இல் நாற்பது சொச்சம் வயதிலேயே காலமானார். அதன் பிறகு எத்தனை ஆயிரம் பந்தல்களில் அவர் ஊதியிருக்கிறார்! தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து யாரும் கொடுக்க முடியவில்லை. கொடுக்கச் சட்டமும் சொல்லவில்லை.

அதே வருஷம் வந்த இன்னொரு படம் 'சாரதா'. புது மருமகளை வீட்டுக்குள் வரவேற்கும் ஒரு பாட்டு அதில் உண்டு. எதைச் சொல்கிறேன் என்று தமிழ்நாட்டில் கல்யாணமான எவருக்கும் தெரியும். ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஒலிப்பதிவுக்கு ஆயுள், வெளிவந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். ஆகவே அந்தப் பதிவின் உரிமை 2022 டிசம்பரோடு முடிந்துபோயிற்று. ஆனால் மெட்டுக்கும் சொல்லுக்கும் கணக்கு வேறு. ஆக்கியவர் மறைந்த பிறகு 60 வருஷம். இசையமைத்த கே. வி. மகாதேவன் மறைந்தது 2001-இல். எழுதிய பஞ்சு அருணாசலம் மறைந்தது 2016-இல். மெட்டு 2061 வரைக்கும், சொல் 2076 வரைக்கும் உரிமைக்கு உட்பட்டவை. இந்த 60 கூட முன்பு 50-ஆகத்தான் இருந்தது. தாகூரின் நூல்களுக்கு உரிமை முடிகிற சமயத்தில் பத்து வருஷம் கூட்டினார்கள்.

இவ்வளவு சிக்கலையும் கல்யாண வீடு கணக்குப் பார்க்க வேண்டாம் என்பதுதான் 52-ஆம் பிரிவின் தாத்பரியம். நாதஸ்வரக்காரர் நேற்று வந்த சினிமாப் பாட்டை வாசித்தாலும் குற்றமில்லை. ஆயினும் வசூல் கேட்பது நின்றபாடில்லை, புகார்கள் குவிந்தன. 2023 ஜூலை 24-இல் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை, கல்யாணத்தில் ஒலிக்கும் பாட்டுக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று பொது அறிவிப்பே வெளியிட்டது. கோவா அரசும் 2024 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை போட்டது. பாட்டு உரிமைக்காரர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில் அது ரத்தாயிற்று. சட்டத்துக்கு வியாக்கியானம் செய்வது சுற்றறிக்கையின் வேலையல்ல என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் என்னவோ அப்படியே இருக்கிறது. எது கல்யாணக் கொண்டாட்டம், எது அதன் பேரைச் சொல்லி நடத்தும் கச்சேரி வியாபாரம் என்ற சண்டைதான் பாக்கி.

நானும் ராயல்டி வாங்கிப் பிழைக்கிறவன். என் நாவலை எவராவது இலவசமாக அச்சடித்தால் சும்மா இருப்பேனா? ஆகவே சித்தப்பாவின் பக்கம் முழு மனதோடு சாய எனக்குக் கொஞ்சம் கூச்சம். சிவகாசிக் கல்யாணத்தில் பத்திரிகைக்கு விலை, பட்டாசுக்கு விலை, பந்திக்கு விலை. சுபகாரியம் என்று எந்தப் பட்டாசுக் கடைக்காரர் சரவெடியைச் சும்மா கொடுத்தார்? பாட்டுக்காரர் மட்டும் ஏன் மொய் எழுத வேண்டும்? ஆனால் வெடித்த வெடி காகிதக் குப்பையாகிவிடுகிறது. பாட்டோ, போட்ட பிறகும் முழுசாக இருக்கிறது. தவிர, அந்த வரவேற்புப் பாட்டு இவ்வளவு பெரிய பாட்டானது பாதி பஞ்சு அருணாசலத்தால் என்றால், பாதி அறுபது வருஷமாக அதைப் போட்டுப் போட்டுத் தேய்த்த கல்யாண வீடுகளால். அந்தப் பாதிக்கு ராயல்டி யார் கொடுப்பது?

இந்த விவரத்தையெல்லாம் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் கல்யாணப் பத்திரிகை அடிப்பதிலேயே தலை நரைத்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, அப்படியென்றால் பத்திரிகையின் பின்பக்கத்தில் அந்த 52-ஆம் பிரிவை அடித்துக் கொடுத்துவிடுகிறேனே; ஓட்டல்காரரிடம் நீட்டினால் போதும்" என்றார்.

நல்ல யோசனைதான் என்றேன்.

"பின்பக்கம் என்றால் மட்டும் நூற்றுக்கு இவ்வளவு என்று தனிக் கூலி ஆகும்" என்றார் நண்பர்.