உணவு மூட்டையுடன் தெற்கே சென்ற மாணவர்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை கோரியபோது, அதற்குத் தண்டனையாகப் பலருக்குக் கிடைத்தவை பசியும் வீடின்மையும் ஆகும். அவ்விரண்டையும் எதிர்த்து வடபுலத்து மாணவர் சிலர் உணவு மூட்டைகளுடன் புறப்பட்டுச் சென்ற வரலாறு நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டியதொன்று. போராட்டங்களைப் பற்றி எழுதுவோர் ஊர்வலங்களையும் சொற்பொழிவுகளையும் விரித்துரைப்பர். மாவு மூட்டை சுமந்தவனை ஒரு வரியில் கடந்து செல்வர். அம்மக்களின் வரலாறு நமக்கு அயலானதும் அன்று. 1946-ஆம் ஆண்டிலேயே டாக்டர் அம்பேத்கர், கறுப்பினப் பேரறிஞர் டியூபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு விடுத்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டிருந்தார்.

முதலில் டென்னசி மாநிலத்தின் ஃபாயெட் மாவட்டத்தைக் காண்போம். அங்கு மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். நிலமோ பெரிதும் வெள்ளையரிடம் இருந்தது. 1959-இல் அங்கு நடந்த ஒரு கொலை வழக்கில், நடுவர் குழுவில் ஒரு கறுப்பினத்தவர்கூட இடம்பெறவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்தே நடுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அப்பட்டியலில் பெயர் இல்லாதவன் நீதிமன்றத்திலும் இல்லாதவனே. இதனை உணர்ந்த ஜான் மெக்ஃபெரன், ஹார்ப்மன் ஜேம்சன் முதலியோர் ஒரு சங்கம் அமைத்து, மக்களை வாக்காளராகப் பதிவு செய்யத் தூண்டினர். பதிவு செய்தோரின் பெயர்கள் கரும்பட்டியலில் ஏறின. கடைக்காரர் மளிகை விற்க மறுத்தனர். 1960-ஆம் ஆண்டின் இறுதியில், வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களை நிலவுடைமையாளர் வெளியேற்றினர்.

நிலமும் ஒருவனுக்கே, அந்நிலத்தில் நிற்கும் வீடும் அவனுக்கே என்றால் என்ன ஆகும் என்பதை நம் பெரியோர்க்கு விளக்க வேண்டியதில்லை. குடியிருப்பு மனை குடியிருப்பவர்க்கே உரியதென்று தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது 1971-இல்தான். ஃபாயெட்டில் வெளியேற்றப்பட்டோர்க்கு, ஷெப்பர்டு டவுல்ஸ் என்னும் கறுப்பின உழவர் தம் நிலத்தில் இடமளித்தார். அங்கே கூடாரங்கள் எழுந்தன. 'கூடார நகரம்' என்று அதற்குப் பெயராயிற்று. மார்கழிக் குளிரிலும் சேற்றிலும் குழந்தைகளுடன் மக்கள் அங்கு வாழ்ந்தனர். இரவில் கூடாரங்களை நோக்கித் துப்பாக்கிச் சூடும் நடந்தது. வடக்கிலிருந்து உணவும் உடையும் வந்தன. 1957-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டு நடுவண் அரசு வழக்குத் தொடுத்தது. 1962-இல்தான் அது நிலவுடைமையாளரைக் கட்டுப்படுத்தும் தீர்வாக முடிந்தது.

அவ்வாண்டிலேயே மிசிசிப்பியில் வேறொரு கொடுமை நேர்ந்தது. லெஃப்ளோர் மாவட்டத்தில் பருத்தி வேலை ஓய்ந்த குளிர்காலத்தில், நடுவண் அரசு அளித்த உபரி உணவுப்பொருளை நம்பியே ஏழைகள் உயிர் வாழ்ந்தனர். மாவும் அரிசியும் சர்க்கரையும்தாம் அவை. அம்மாவட்டத்தின் கிரீன்வுட் நகரில், 1960-இல் தோன்றிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த சாம் பிளாக், வில்லி பீக்காக் ஆகிய இளைஞர்கள் வாக்காளர் பதிவுப் பணியைத் தொடங்கியிருந்தனர். 1962 அக்டோபரில் மாவட்ட ஆட்சிக் குழு அவ்வுணவு வழங்கலை நிறுத்திற்று. ஏறத்தாழ 22,000 பேர் பாதிக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பதிவுக்குச் சென்றவரும் செல்லாதவரும் ஒருசேரப் பட்டினி கிடந்தனர்.

இச்செய்தி மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஐவன்ஹோ டொனால்ட்சன், பெஞ்சமின் டெய்லர் என்னும் இரு கறுப்பின மாணவரை எட்டியது. டொனால்ட்சனுக்கு வயது 21. உணவும் மருந்தும் திரட்டி ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவரும் தெற்கே புறப்பட்டனர். கிளார்க்ஸ்டேல் நகரில் காவலர் அவர்களைப் பிடித்தனர். மருந்துப் பெட்டிகளில் இருந்தவை ஆஸ்பிரின், வைட்டமின் போன்றவை. போதைப்பொருள் கடத்தியதாக வழக்கு! ஆளுக்கு 15,000 டாலர் பிணைத்தொகை கேட்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பதினொரு நாட்கள் சிறையிலிருந்து இருவரும் வெளிவந்தனர். ஏற்றிச் சென்ற சரக்கோ பறிபோயிற்று.

விடுமுறைத் தொண்டு என்று கிளம்புவோர் பலர் ஒருமுறை சென்று திரும்பி, அதனையே ஆண்டு முழுதும் பேசிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். டொனால்ட்சன் அவ்வகையினர் அல்லர். சிறை மீண்டபின் மீண்டும் மீண்டும் லாரியில் உணவேற்றிக்கொண்டு அதே மிசிசிப்பிக்குச் சென்றார். பின்னர் அக்குழுவின் முழுநேரப் பணியாளரானார். 1963 பிப்ரவரியில் நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி, வாடகை விமானத்தில் 14,000 பவுண்டு உணவை மெம்பிஸ் வரை கொண்டுவந்து சேர்த்தார். கிரீன்வுட்டில் உணவுக்காக நீண்ட வரிசைகள் நின்றன.

அவ்வரிசையில்தான் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வீடுவீடாகச் சென்றபோது கதவைத் திறக்க அஞ்சிய மக்கள், இப்போது தாமே வந்து இளைஞரோடு பேசினர். உணவை நிறுத்தியவர் யார், ஏன் நிறுத்தினர் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூட்டையைப் பெற்றுச் சென்றவர், மறுநாள் நீதிமன்றத்தில் பதிவுக்காக வரிசையில் நின்றார். பிப்ரவரி 20 அன்று குழுவின் அலுவலகத்தை அடுத்திருந்த கட்டடங்கள் தீக்கிரையாயின. பிப்ரவரி 28 இரவு, பாப் மோசஸ் சென்ற காரின்மீது குண்டுகள் பாய்ந்தன. காரை ஓட்டிய 20 வயது ஜிம்மி டிராவிஸ் கழுத்தில் காயமுற்றும் உயிர் பிழைத்தார். அதன்பின் மேலும் பல தொண்டர்கள் கிரீன்வுட்டில் வந்து குவிந்தனர்.

நாடெங்கும் எழுந்த கண்டனத்தாலும் நடுவண் அரசின் நெருக்குதலாலும், அந்த வசந்த காலத்திலேயே மாவட்ட ஆட்சிக் குழு உணவு வழங்கலை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. வாக்குரிமைச் சட்டம் வர, 1965 ஆகஸ்டு வரை காத்திருக்க நேர்ந்தது. லாரிகள் அதற்குள் பலமுறை தெற்கே சென்று திரும்பியிருந்தன.