கண்ணால் கண்ட கணக்கு

ஆவடி வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தொடக்க நாளில், ஏழாம் வகுப்பில் விண்மீன்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று வரிசை பிசகாமல் ஒப்பித்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இவற்றில் எதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?" என்று வினவினான். நான் விடை கூறாமல் அவனை உட்காரச் சொன்னேன். இருபத்தேழு பெயர்களும் எனக்குத் தெரியும். ஒன்றையேனும் வானத்தில் காட்டத் தெரியாது.

அந்த வெட்கம் என்னை நூல்நிலையத்துக்கு அனுப்பிற்று. அங்கே, அவன் கேட்ட கேள்வியையே பஞ்சாங்கத்தை நோக்கிக் கேட்ட ஒருவருடைய வரலாறு கிடைத்தது.

1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கும்பினி அதிகாரி, எழும்பூரில் தம் சொந்த முயற்சியால் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். பின்னர்க் கும்பினி அரசு அப்பணியை மேற்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பிற்று. கருவி அசையாதிருக்க அங்கு நட்ட கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

விண்மீன் ஒன்று தென்வடல் கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்து, அதனைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்துவது அங்கு நடந்த முக்கியப் பணிகளுள் ஒன்று. அவ்வாறு பிறந்ததே 'சென்னை நேரம்'. அது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 1856-இல் இராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியே வாலாஜா ரோடு வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் இந்திய இருப்புப்பாதைகள் பலவும் 1905 வரை சென்னை நேரத்தையே கைக்கொண்டன. ஆவடி நிலையத்தில் வண்டிக்குக் காத்து நின்ற குடியானவர், தாம் அறியாமலே விண்மீன்களின் ஆணைக்கு உட்பட்டிருந்தார்!

1861-இல் நார்மன் போக்சன் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். அவ்வாண்டே 'ஆசியா' என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தார். அவருடைய முதல் உதவியாளரே நான் குறிப்பிட்டவர்: சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர் அவர். 1867-இல், தென்வானில் வலை என்னும் விண்மீன் கூட்டத்தில், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை அது பொலிந்து மங்குகிறது. இங்கிலாந்தின் அடிவானத்துக்கு மேலே அது எழுவதே இல்லை. நம் வானத்திலோ தெற்கே தாழ்வாக எழுந்து மறைகிறது.

ஆயினும் அவருடைய பெரும்போர் பஞ்சாங்கத்தோடுதான். பழைய வாய்பாட்டின்படி கணித்த கிரகணம், வானத்தில் வேறு வேளையில் நிகழ்ந்தால் எதை நம்புவது? கணக்கே வானத்துக்கு இணங்க வேண்டும் என்றார் அவர். திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். மரபுவழிக் கணிதர் பலர் எதிர்த்தனர். அவர் தளரவில்லை. 1874 டிசம்பர் 9-இல் சுக்கிரன் சூரிய வட்டத்தைக் கடந்தபோது, அதன் உண்மையைப் பொதுமக்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதி, நம் நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். 1880-இல் அவர் மறைந்தார்.

நேயர்களே, தை மாத நடுவில், நிலவில்லாத இரவு 8 மணிக்கு மாடிக்குச் செல்லுங்கள். உச்சந்தலைக்கு மேல் செம்மையாக ஒளிர்வது ரோகிணி. அதற்குச் சற்று மேற்கே சிறு கொத்தாகக் கார்த்திகை. தென்கிழக்கே மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு வடக்கே சிவந்திருப்பது திருவாதிரை. தெற்குக்குச் சற்றுக் கிழக்கே, தாழ்வாக அகத்தியர். நேர் தெற்கே கையை நீட்டி, அடிவானத்திலிருந்து ஒன்றரை முட்டி உயரம் அளந்துகொள்ளுங்கள். இரகுநாதாச்சாரி கண்ட விண்மீன் அங்கேதான் உள்ளது. வெறுங்கண்ணுக்கு அது எட்டாது. இருக்குமிடத்தை அறிவதே ஓர் இன்பம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் வெளிச்சத்தை வாரி இறைக்கும் இக்காலத்திலும், நான் சொன்ன பெரிய மீன்கள் தெரிகின்றன. அந்த மாணவனுக்கு நான் விடை சொல்லத் தவறினேன். பின்வந்த வகுப்புகளை இரவில் பள்ளி மாடிக்கு அழைத்துச் சென்று அக்கடனை ஒருவாறு தீர்த்தேன். உங்கள் பிள்ளையும் அக்கேள்வியைக் கேட்கும். அன்று அதனை உட்காரச் சொல்லாதீர்கள். கைப்பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள்.