ஏரிக்கரையில் ஒரு கலங்கரை விளக்கம்

கலம் என்பது மரக்கலம்; கரைதல் என்பது அழைத்தல். கலங்களைக் கரைக்கு அழைப்பதால் அது கலங்கரை விளக்கம் ஆயிற்று. இச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் எழுவது கடலே. ஆனால், உப்புச் சுவையே இல்லாத ஓர் ஏரியின் கரையிலும் கப்பல்களுக்காக விளக்குகள் எரிந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியை ஏரி என்று சொல்ல நா சற்றே தயங்கும். ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்நீர்ப்பரப்பில் அடிக்கும் புயல், கடற்புயலுக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று.

அந்த ஏரியின் தென்கரையில், இந்தியானா மாநிலத்தில் மிச்சிகன் சிட்டி என்னும் சிறு துறைமுக நகர் உள்ளது. மரமும் தானியமும் ஏற்றிய பாய்மரக் கப்பல்கள் அங்கு வந்து போயின. 1837-ஆம் ஆண்டில் அங்கே முதல் விளக்குக் கோபுரம் எழுந்தது. கப்பல்கள் பெருகவே அது போதாதாயிற்று. 1858-இல் புதிய கட்டடம் கட்டப்பெற்றது. அது வானளாவிய கோபுரமன்று. செங்கல்லால் ஆன ஒரு குடியிருப்பு வீடு. அதன் கூரைமேல் ஒரு விளக்கறை. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் கண்டறிந்த முறையில் அமைந்த ஐந்தாம் தரக் கண்ணாடிவில்லை அவ்வறையில் பொருத்தப்பட்டது. சிறு சுடரின் ஒளியைச் சிதறவிடாது திரட்டி நெடுந்தொலைவுக்கு அனுப்புவது அதன் சிறப்பு.

1861-இல் இவ்விளக்கின் காப்பாளராக நியமனம் பெற்றவர் ஹாரியட் கோல்பேக்ஸ் அம்மையார். அப்போது அவருக்கு வயது 37. நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, இசை கற்பித்தும் தம் சகோதரரின் செய்தித்தாளுக்கு அச்சுக்கோத்தும் வாழ்ந்தவர். இந்தியானாவின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்து, பின்னர் 1869-இல் அமெரிக்கத் துணை அதிபரான ஸ்கைலர் கோல்பேக்ஸ் அவருக்கு உறவினர். வேலை கிடைத்ததற்கு அவ்வுறவே காரணம் என்று ஊரார் முணுமுணுத்தனர். அதில் உண்மை இல்லாமலில்லை; இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. மெலிந்த உடலினரான ஒரு பெண் இத்தொழிலைத் தாங்குவாரா என்ற ஐயமும் எழுந்தது. அவருக்கு முன்பே, 1844 முதல் 1853 வரை, அவ்வூர் விளக்கை ஹாரியட் டவுனர் என்ற இன்னொரு பெண்மணி காத்துவந்ததை ஐயுற்றோர் மறந்தனர் போலும்.

அந்நாளில் விளக்கெரிக்கத் திமிங்கில எண்ணெயின் விலை ஏறிவிட்டமையால், பன்றிக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயைப் பயன்படுத்தினர். குளிரில் அது உறைந்துவிடும். ஆதலால் அம்மையார் அதை அடுப்பிலிட்டு உருக்கியே விளக்குக்கு ஊற்றவேண்டியிருந்தது. 1871-இல் சுமை இரட்டிப்பாயிற்று. ஏரிக்குள் நீண்டுசென்ற மரத்துறையின் நுனியில் இரண்டாவதாக ஒரு விளக்கை அமைத்து, அதையும் அவரிடமே ஒப்படைத்தனர். புயலிரவுகளில் அலைகள் துறையைத் தாண்டிப் புரளும். உறைபனி காலடியை வழுக்கும். அந்நிலையில் உருக்கிய எண்ணெயைக் கையிலேந்தி அவர் நுனிவரை நடந்தார். எண்ணெய் வழியிலேயே இறுகிவிட்டால் வீடு திரும்பி மீண்டும் உருக்கவேண்டும். சில ஆண்டுகளில் அவ்விளக்கை மேற்குத் துறைக்கு மாற்றியபின், படகேறி நீரைக் கடந்து செல்லும் தொல்லையும் சேர்ந்தது.

இவை யாவும் இன்று தெரியவருவது அவர் எழுதிவைத்த நாட்குறிப்பேடுகளால்தான். காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, எக்கலம் வந்தது, எவ்விரவில் அலைகள் துறைமேல் ஏறின என்பனவற்றைப் பணிக்குறிப்பாகவே அவர் எழுதினார். தம்மைப் பற்றிப் புகழ்ந்துகொள்ள அவற்றில் இடமில்லை. தொடக்கத்தில் அவர் பெற்ற ஊதியம் ஆண்டுக்கு 350 டாலர். ஆன் ஹார்ட்வெல் என்ற ஆசிரியைத் தோழி அவருடன் அவ்வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார்.

1904-இல் கிழக்குத் துறையின் முனையில் புதிய விளக்கு நிலையம் எழுந்தது. கண்ணாடிவில்லையைப் பழைய வீட்டிலிருந்து கழற்றி அங்கே கொண்டுசென்றனர். வீட்டைப் பெரிதாக்கிப் பணியாளர் குடியிருப்பாக மாற்றினர். அம்மையாரும் அவ்வாண்டு அக்டோபரில் பணியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 80. விளக்குக்குக் கொடுத்த ஆண்டுகள் 43. தம் இல்லமாகவே வாழ்ந்த அவ்வீட்டை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. 1905 ஜனவரியில் தோழி மறைந்தார். ஏப்ரலில் அம்மையாரும் மறைந்தார்.

கட்டடம் பின்னர்க் கடலோரக் காவற்படையின் கைக்கு வந்து, கவனிப்பாரின்றிச் சிதைந்தது. 1960-களில் நகராட்சி அதை வாங்கியது. ஊரின் வரலாற்றுக் கழகத்தார் பழுதுபார்த்தனர். 1973-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. இழந்த விளக்கறையைப் போன்றதொன்றைக் கூரைமேல் மீண்டும் அமைத்தனர். துறைமுனைக்குச் சென்றிருந்த கண்ணாடிவில்லையும் பழைய வீட்டுக்கே திரும்பி, இன்று கீழே காட்சிப்பொருளாக இருக்கின்றது.