மெர்சிங் ராடார் கண்ட விமானங்கள்

சிம்பாங் ரெங்கத்திலிருந்து குளுவாங் போய், அங்கிருந்து கிழக்கே சென்றால் மெர்சிங் கடற்கரை வரும். 1941ஆம் ஆண்டு அவ்வூரில் ஆங்கிலேய ஆகாயப் படையின் ராடார் நிலையம் ஒன்று இருந்தது. நம்ம ஜொகூர் சரித்திரத்தில் அதற்கும் ஓர் இடமுண்டு.

ராடார் என்றால் என்ன? வானொலி அலையை ஆகாயத்தில் அனுப்பினால், அது விமானத்தின் மேல் பட்டுத் திரும்பி வரும். போய்வர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவார்கள். இருட்டும் அதற்குத் தடையில்லை.

ஆனால் கருவியை நட்டுவிட்டால் மட்டும் போதுமா? பால் நிறுக்கும் தராசை எடைக்கல் வைத்துச் சோதிக்கிறோம் அல்லவா? அதுபோல, ஒரு விமானத்தைத் தெரிந்த உயரத்தில், தெரிந்த பாதையில் பறக்கவிட்டு, ராடார் காட்டும் கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டும். பீரங்கிப் படையின் ராடார்களையும் குறிபார்க்கும் கருவிகளையும் இப்படிச் சோதிப்பதற்கென்றே 1941 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 116ஆம் விமானப் படையணி அமைக்கப்பட்டது.

மெர்சிங் ராடாருக்கு உண்மையான சோதனை 1941 டிசம்பர் 8 விடியற்காலையில் வந்தது. இந்தோசீனாவிலிருந்து சிங்கப்பூரை நோக்கி வந்த 17 ஜப்பானிய குண்டுவீச்சு விமானங்களை அது முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டது. செய்தியும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் நடந்ததுதான் வேதனை.

ஆஸ்திரேலிய 453ஆம் படையணியின் சண்டை விமானங்கள் தயாராக நின்றன. புறப்பட உத்தரவு கிடைக்கவில்லை. நம்ம பீரங்கியே நம்ம விமானத்தைச் சுட்டுவிடுமோ என்று மேலிடத்துக்குப் பயம். நகரத்து விளக்குகளோ அணைக்கப்படாமல் எரிந்துகொண்டே இருந்தன. நாலரை மணிவாக்கில் குண்டுகள் விழுந்தன. 61 பேர் மாண்டனர். 700க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வந்த விமானங்களில் ஒன்றுகூட வீழ்த்தப்படவில்லை.

பெரட்டு மணி அடித்தும் ஆள் எழுந்து வராவிட்டால் வேலை நடக்குமா? ராடார் தன் கடமையைச் செய்தது. கேட்டவர்கள் செய்யவில்லை.

அந்த ஒரு ராத்திரியால் மட்டும் நாடு விழுந்துவிடவில்லை. ஆனால் வரப்போவதற்கு அது முன்னறிவிப்பாக இருந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிறகு நம்ம தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. மேலிடத்தார் செய்த தவறுக்கு விலை கொடுத்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் உண்டு.

மாணவச் செல்வங்களே, கருவி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். அதைச் சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அது எச்சரிக்கும்போது எழுந்து செயல்படவும் பழகுங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் அது கல்வி.