எடைக் குறைப்பு: உணவும் உடற்பயிற்சியும் எந்த அளவில்?

எடையைக் குறைக்க முனைவோர் பலர், உணவை வெகுவாகக் குறைத்த அதே வாரத்தில் கடும் உடற்பயிற்சியையும் தொடங்கிவிடுகின்றனர். சிக்கல் அங்கேதான்.

வாரத்துக்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பானது. எடைக் குறைப்புக்கான உணவும் நாளொன்றுக்கு 1,000 கிலோ கலோரிக்குக் கீழே செல்லக் கூடாது என்கிறது ஹைதராபாத், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதிவேகமாக எடை குறைந்தால் கொழுப்புடன் தசையும் கரையும். பித்தப்பைக் கல் உருவாகும் அபாயமும் உண்டு. தசையைக் காக்க, போதிய புரதத்துடன் வாரம் இரு நாள்களாவது வலுப்பயிற்சி தேவை.

நடைப்பயிற்சி மட்டுமே போதாது. அரை மணி நேர நடையில் செலவான கலோரியை ஒரு சமோசா ஈடுகட்டிவிடும்.

இன்சுலின் செலுத்திக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள், மருத்துவரிடம் மருந்தளவு குறித்துக் கேட்காமல் உணவைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.